பொன்குடமும் மண்குடமும்

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்! நம் வீட்டுக் கிணற்றடியிலே பிறந்த பழமொழி இது. இதற்கு ஐரோப்பாக் கண்டத்திலே, போலந்து நாட்டின் கிழக்கெல்லையிலே, ஆயிரக்கணக்கான லாரிகள் பனியிலே நின்று பொழிப்புரை எழுதின என்று சொன்னால் தோழர்கள் வியப்படையக்கூடும். வியப்பு இருக்கட்டும், விவரம் கேளுங்கள்.

2023-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 6-ஆம் நாள். தோரோஹுஸ்க், ஹ்ரெபென்னே, கோர்ச்சோவா — வாயில் நுழையாத பெயர்கள்தாம். போலந்தையும் உக்ரைனையும் இணைக்கும் எல்லைச் சாவடிகள் என்று நினைவில் வைத்தால் போதும். அந்தச் சாவடிகளுக்குப் போகும் சாலைகளை மறித்து உட்கார்ந்தனர் போலந்து நாட்டு லாரி அதிபர்கள். அதிபர்கள் என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். போர்முனைக்குப் போகும் பொருளுக்கும் மருந்துக்கும் வழி விட்டோம் என்றனர். மற்ற லாரிகளை மணிக்கு ஒன்று இரண்டு என்று எண்ணி எண்ணி விட்டனர். வரிசை வளர்ந்தது. நாட்கணக்கு வாரக்கணக்காயிற்று. குளிரில், வண்டிக்குள்ளேயே உண்டு, வண்டிக்குள்ளேயே உறங்கிக் கிடந்தனர் உக்ரைன் டிரைவர்கள். காத்திருந்த இடத்திலேயே உயிர் விட்டவர்களும் உண்டு.

என்ன குறை அந்த அதிபர்களுக்கு? கேட்டோருக்கெல்லாம் சொன்னார்கள்: “உக்ரைன் லாரி குறைந்த வாடகைக்கு ஓடுகிறது. அவர்கள் டிரைவருக்குக் கொடுக்கும் கூலி குறைவு. எங்களைக் கட்டும் சட்டம் அவர்களைக் கட்டுவதில்லை. எங்கள் லோடை அவர்கள் எடுத்துக் கொண்டு போகிறார்கள். பழைய பர்மிட் முறையைத் திரும்பக் கொண்டு வா!”

பர்மிட் முறை என்றால், ஆண்டுக்கு இத்தனை வண்டிதான் உள்ளே வரலாம் என்ற எண்ணிக்கைக் கட்டு. 2022 பிப்ரவரியில் ருஷ்யா படையெடுத்தது. கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. கடல் வழி போன நாட்டுக்குச் சாலை வழியாவது வேண்டுமே என்று 2022 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைனோடு உடன்படிக்கை செய்து, அந்தக் கட்டை அவிழ்த்து விட்டது. அவிழ்த்ததுதான் தாமதம், உக்ரைன் லாரிகள் மேற்கே ஓடின. போலந்து அதிபர்களின் வயிற்றிலே புளி கரைந்தது.

நியாயமான முறையீடுதானே என்று தோன்றும். ஆனால் இதே அதிபர்கள் அதற்கு முந்திய இருபது ஆண்டுகளாக என்ன பேசினார்கள் என்று பார்க்க வேண்டாமா?

2004 மே முதல் நாள், உலகத் தொழிலாளர் விழா கொண்டாடிய அன்றே, போலந்து உட்படப் பத்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. கிழக்கே கூலி குறைவு, மேற்கே கூலி அதிகம். எல்லைக் கதவு திறந்ததும் சரக்கு மட்டுமா போயிற்று? சக்கரங்களின் மேலேறிக் கிழக்கத்திக் கூலியும் மேற்கே போயிற்று! ஜெர்மனியில் ஏற்றி பிரான்சில் இறக்கும் சரக்கு, ஓட்டுபவர் போலந்துக்காரர், வாங்குவது போலந்துக் கூலி. ஒரு நாட்டுக்குள்ளேயே ஏற்றி, அந்நாட்டுக்குள்ளேயே இறக்கும் உள்நாட்டு லோடை வெளிநாட்டு லாரி எடுப்பதற்குக் ‘கபோடாஜ்’ என்று பெயர். அதற்கும் வழி திறந்தார்கள். எல்லை தாண்டிக் கொண்டு வந்த சரக்கை இறக்கிய பிறகு ஏழு நாளுக்குள் மூன்று உள்நாட்டு லோடு எடுக்கலாம் என்பது 2010 முதல் விதி. மூன்று நாலாவதும், ஏழு பத்தாவதும் எப்படி என்பதை லாரி ஓட்டும் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

விளைவு? இன்று ஐரோப்பிய ஒன்றியத்துச் சாலைகளில் போகும் சரக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போலந்து லாரிகளின் கையில். அந்த நாடுதான் முதலிடம். வெளிநாட்டு வண்டிகள் உள்ளே புகுந்து உள்நாட்டு லோடு எடுப்பது எங்கே மிகுதி என்றால் ஜெர்மனியில். அப்படிப் புகுந்து எடுப்பவர்களில் முதல்வர் யார் என்றால் போலந்து அதிபர்.

ஜெர்மானிய டிரைவரும், பிரெஞ்சு டிரைவரும், நெதர்லாந்து டிரைவரும் அன்று கூவினார்கள்: “குறைந்த கூலிக்கு ஓட்டுகிறார்கள், எங்கள் பிழைப்புப் போகிறது!” போலந்து அதிபர்கள் அமைதியாக மறுமொழி சொன்னார்கள்: “இதற்குப் பெயர் போட்டி. சந்தை திறந்தது திறந்ததுதான்.” 2015-இல் ஜெர்மனி மணிக்கு எட்டரை யூரோ என்று குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கொண்டு வந்து, “எம் மண்ணில் வண்டி ஓட்டும் எவருக்கும் இது பொருந்தும்” என்றபோது, தடையற்ற வாணிபத்துக்கே கேடு வந்துவிட்டது என்று வார்சாவிலிருந்து பெருங்குரல் எழுந்தது. அந்த ஜனவரி முடிவதற்குள், வழிப்போக்காக ஜெர்மனியைக் கடக்கும் லாரிகள் மீது சட்டத்தைச் செலுத்துவதை ஜெர்மனி நிறுத்தி வைத்தது.

அன்று அவர் உடைத்தது மண்குடம். 2023-இல் உக்ரைன்காரர் உடைத்தது பொன்குடம்!

எள்ளி நகையாட மட்டும் இதை எழுதவில்லை. போலந்து அதிபரைத் திட்டிவிட்டு உக்ரைன் அதிபருக்கு மாலை போடவும் இல்லை. லாரித் தொழிலின் உள்கணக்கைப் பார்த்தால்தான் இந்தக் கூத்தின் சூத்திரதாரி தென்படுவார். தொழில் தெரிந்த தோழர்கள் பொறுத்துக் கொள்க, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம்.

ஒரு நடைக்கு என்ன செலவு? லாரியின் தவணை: போலந்துக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் லாரி விற்பவை அதே ஆலைகள், விலையில் பெரிய வேறுபாடு இல்லை. டீசல்: பம்பில் நிற்பவர் நம்பர் பிளேட்டைப் பார்த்து விலை சொல்வதில்லை. சுங்கம்: ஜெர்மனியில் 2005 முதல் பெரிய லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் சுங்கம் கட்டுகின்றன, எந்த நாட்டு வண்டியானாலும் ஒரே கட்டணம். டயர் தேய்வதிலே தேச வேறுபாடு உண்டா? இல்லை. ஆக, பத்து லாரி அதிபர்கள் ஒரே லோடுக்குப் போட்டி போடும்போது எதைக் குறைத்து வாடகையைக் குறைப்பது? குறைக்கக் கூடியது ஒன்றுதான் மிஞ்சுகிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கைக்குக் கொடுக்கும் கூலி!

சரக்கின் சொந்தக்காரர் பெரிய ஆலையாகவோ பெரிய கடையாகவோ இருப்பார். அவர் ஒரு பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனியிடம் ஒப்படைப்பார். அது இன்னொன்றிடம் தள்ளும். அது மூன்றாவதிடம். ஒவ்வொரு கையும் கொஞ்சம் கிள்ளிக் கொள்ளும். கடைசியில் எவரிடம் வண்டி இருக்கிறதோ அவரிடம் வரும்போது வாடகை எலும்பும் தோலுமாக நிற்கும். அந்த எலும்பிலிருந்துதான் டிரைவர் கூலி சுரண்டி எடுக்கப்படுகிறது. சாலையிலே இரண்டு நாட்டு டிரைவர்கள் முறைத்துக் கொள்வதை நாம் பார்க்கிறோம். நாலு கை மேலே, சூடான அறையிலே உட்கார்ந்து வாடகையைக் குறித்த கை நம் கண்ணுக்குப் படுவதில்லை.

இன்னொரு வித்தை உண்டு. மேற்கு நாட்டுக் கம்பெனிகளே கிழக்கே போய்க் கடை விரித்தன. கடை என்றால் கொட்டகையும் பணிமனையும் அல்ல. சுவரில் ஒரு பெட்டி, பெட்டியின் மேல் ஒரு பெயர். தபால்பெட்டிக் கம்பெனி என்றே அங்கே பெயர். முதலாளி மேற்கே, லாரி மேற்கே, லோடு மேற்கே. டிரைவரின் வேலை ஒப்பந்தம் மட்டும் கிழக்கே! நெதர்லாந்துத் தொழிற்சங்கமான எஃப்.என்.வி. இப்படிப்பட்ட ஒரு வழக்கை ஐரோப்பிய நீதிமன்றம் வரை கொண்டு போயிற்று. நெதர்லாந்தில் ஒரு கம்பெனி, ஜெர்மனியில் அதன் தங்கை, ஹங்கேரியில் இன்னொரு தங்கை. மூன்றும் ஒரே குடும்பம். ஹங்கேரித் தங்கையின் டிரைவர்கள் நெதர்லாந்திலிருந்து வண்டி எடுத்தார்கள். ஹங்கேரிக் கூலி வாங்கினார்கள். வெளிநாட்டுக்கு வேலைக்கு அனுப்பப்படும் தொழிலாளிக்கு அந்நாட்டுக் கூலி என்ற விதி லாரி டிரைவருக்கும் பொருந்தும், அந்நாட்டோடு வேலைக்குப் போதிய தொடர்பு இருந்தால் போதும் என்று 2020 டிசம்பர் முதல் நாள் தீர்ப்பு வந்தது. விதி எழுதப்பட்ட ஆண்டு 1996. அது லாரி டிரைவருக்கும் உண்டு என்று நீதிமன்றம் சொல்ல எத்தனை ஆண்டு ஆயிற்று என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

போலந்து டிரைவர் கொழுத்தாரா? அவர் வீட்டிலே அடுப்பு நன்றாக எரிந்தது, மறுப்பதற்கில்லை. ஊரிலே கிடைக்காத வருவாய் சாலையிலே கிடைத்தது. ஆனால் அவர் சம்பளச் சீட்டைப் புரட்டிப் பார்த்தால் நம் நாமக்கல் டிரைவர் ‘அட, நம்ம கதைதானே!’ என்று சிரிப்பார். சீட்டு இரண்டு துண்டு. ஒன்று, போலந்தின் குறைந்தபட்சக் கூலியை ஒட்டிய அடிப்படைச் சம்பளம். மற்றொன்று, வெளிநாட்டில் இருக்கும் நாட்களுக்கு நாட்படி. இந்த நாட்படி நம் ஊர்ப் பேட்டாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்! கையிலே வருவது பெரும்பகுதி படியாக வரும். படிக்கு ஓய்வூதியச் சந்தா பிடிப்பதில்லை. ஓடும் வரை காசு. காய்ச்சலில் படுத்தால் அடிப்படைச் சம்பளத்தின் கணக்கு. முதுமையில் அமர்ந்தால் அதே சின்னத் துண்டின் கணக்கு. 2022 வரையில் இதுதான் அங்கே நடைமுறை.

வாழ்க்கை எங்கே? வண்டிக்குள்ளே! ஐரோப்பியச் சட்டப்படி ஒரு நாளில் ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. நாலரை மணி ஓட்டினால் முக்கால் மணி ஓய்வு. டாக்கோகிராஃப் என்னும் கருவி வண்டிக்குள்ளே இருந்து ஒவ்வொரு நிமிடத்தையும் பதிவு செய்யும். நல்ல சட்டம்தான், நம் நாட்டுச் சாலைக்கும் வேண்டியதுதான். ஆனால் வார ஓய்வு என்று 45 மணி நேரம் கொடுத்தார்களே, அதை எங்கே கழிப்பது? வண்டி நிறுத்தும் மைதானத்தில், எண்ணெய் நாற்றத்தில், ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொண்டு! அந்த முழு ஓய்வை வண்டிக்குள் கழிக்கக் கூடாது என்று பெல்ஜிய அரசு 1,800 யூரோ தண்டம் போட, ஒரு கம்பெனி அதை எதிர்த்து வழக்காடியது. 2017 டிசம்பர் 20-ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று: வண்டி வீடாகாது. இப்படி ஒரு உண்மையைச் சொல்ல நீதிபதிகள் வேண்டியிருந்தது!

காலம் போகப் போகப் போலந்து டிரைவரும் விழித்துக் கொண்டார். ஊரிலேயே ஆலை வேலை வந்தது, கூலி ஏறிற்று. “இந்தக் கூலிக்கு மாதக்கணக்கில் வண்டிக்குள் கிடக்க மாட்டேன்” என்றார். உடனே அதிபர்கள் “ஓட்டுநர் பஞ்சம்! ஓட்டுநர் பஞ்சம்!” என்று அலறினார்கள். ஓட்டுநருக்கா பஞ்சம்? உரிய கூலி கொடுக்கும் மனத்துக்கல்லவா பஞ்சம்! பஞ்சம் தீர்க்க மேலும் கிழக்கே போனார்கள். உக்ரைன்காரர் வந்தார், பெலாரஸ்காரர் வந்தார். 2022-இல் போர் மூண்டு, உக்ரைன் ஆடவர்கள் நாட்டை விட்டு வெளியேறுவது தடைபட்டது. அதற்கும் அப்பால் போனார்கள்: ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான், தாஜிகிஸ்தான். போலந்திலும் லிதுவேனியாவிலும் இந்தியாவிலிருந்துகூட ஆள் எடுக்கிறார்கள். ஏணியிலே ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குகிறார்கள். கீழ்ப்படியில் நிற்பவரைக் காட்டி மேல்படியில் நிற்பவரை மிரட்டுகிறார்கள்.

இதைப் படிக்கும் தோழர் ஒருவர் கேட்கலாம்: “கதவை இழுத்துச் சாத்திவிட்டால் தொல்லை தீர்ந்ததே!” நல்ல கேள்வி. கதவைச் சாத்திய நாடு ஒன்று உண்டு. அதன் கதையையும் கேளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியது. 2021 தொடக்கத்தோடு அந்நாட்டுச் சந்தையின் பொதுக்கதவு சாத்தப்பட்டது. கிழக்கு ஐரோப்பிய டிரைவர்கள் பலர் ஊர் திரும்பி விட்டனர். கொள்ளை நோயால் லைசென்சுத் தேர்வுகள் நின்று போயிருந்தன. மூத்த டிரைவர்கள் தொழிலை விட்டுக் கொண்டிருந்தனர். அந்தச் செப்டம்பரில் லண்டன் மாநகரத்துப் பெட்ரோல் பம்புகளில் ‘இல்லை’ என்று பலகை தொங்கிற்று. அக்டோபர் 4 முதல் பட்டாளத்துச் சிப்பாய்கள் டாங்கர் லாரி ஓட்டினார்கள். சூரியன் மறையாத சாம்ராஜ்யம் என்றார்களே, அதற்கு வந்த நிலை!

அப்போது டிரைவர் கூலி ஏறியது. உண்மை, நாம் மறைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்த கூலி அசைந்தது. அசைந்ததும் அரசு என்ன செய்தது? வெளிநாட்டு டிரைவர்களுக்கு 5,000 தற்காலிக விசா என்று அறிவித்தது. அழைத்த அளவுக்கு ஆள் வரவில்லை. ‘சில மாதம் ஓட்டிவிட்டுப் போய்விடு’ என்று கூப்பிட்டால் மானமுள்ளவர் எவர் வருவார்? அக்டோபர் இறுதியில் இன்னொரு கதவைத் திறந்தது. வெளிநாட்டு லாரிகள் வந்த பதினான்கு நாளுக்குள் எத்தனை உள்நாட்டு லோடு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று, 2022 ஏப்ரல் முடியும் வரை தளர்த்தியது. ‘எங்கள் கதவு, எங்கள் பூட்டு’ என்று முழங்கிய அதே அரசு!

இதிலே அடங்கியிருக்கிறது நாம் சொல்ல வந்த செய்தி. கதவைத் திறப்பதும் சாத்துவதும் டிரைவரைக் கேட்டு நடப்பதில்லை. வாடகை மலிய வேண்டுமானால் திறப்பார்கள். தம் லோடு பறிபோனால் சாத்து என்பார்கள். சாத்திய பிறகு கூலி ஏறினால் மறுபடி திறப்பார்கள். கதவைப் பார்த்துக் கொண்டு நிற்கும் வரை டிரைவருக்குக் கழுத்து வலிதான் மிச்சம். அவர் கேட்க வேண்டியது வேறு: ‘எந்தச் சாலையில் ஓட்டுகிறேனோ அந்தச் சாலைக்குரிய கூலியைக் கொடு; என் பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கொடுக்காதே!’ உஸ்பெக் டிரைவருக்கும் ஜெர்மானிய டிரைவருக்கும் ஜெர்மன் சாலையில் ஒரே கூலி என்று ஆகிவிட்டால், உஸ்பெக்கிஸ்தானுக்கு ஆள் தேடிப் போக எந்த அதிபருக்குக் கால் எழும்?

அங்கே இதைச் சட்டமாகவே எழுதத்தான் முயன்றார்கள். 2020 ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய போக்குவரத்துச் சட்டத் தொகுப்பு, 2022 பிப்ரவரி 2 முதல் கூலி விஷயத்தில் நடைமுறைக்கு வந்தது. வேற்று நாட்டுக்குள்ளே உள்நாட்டு லோடு எடுத்தாலும், தன் நாட்டைத் தொடாமல் இரண்டு வேற்று நாடுகளுக்கிடையே லோடு அடித்தாலும், அந்தந்த நாட்டுக் கூலி கொடுக்க வேண்டும். தன் நாட்டிலிருந்து நேரே போய் வரும் நடைக்கு மட்டும் விலக்கு. கபோடாஜ் முடிந்தபின் நாலு நாள் அந்நாட்டில் அதே வண்டி மறுபடி அந்த வேலை செய்யக் கூடாது. எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாரி சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. தபால்பெட்டிக் கம்பெனியின் தலையில் குட்டுவதற்காக. லிதுவேனியா, பல்கேரியா, ருமேனியா, போலந்து, ஹங்கேரி, சைப்ரஸ், மால்டா ஏழும் வழக்குப் போட்டன. 2024 அக்டோபர் 4-ஆம் நாள் நீதிமன்றம், லாரி திரும்பும் அந்த ஒரு விதியை நீக்கிற்று; மற்றவற்றை நிலைநிறுத்திற்று. கூலி விதி பிழைத்தது. டிரைவரை நாலு வாரத்துக்கு ஒரு முறை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற விதியும் பிழைத்தது.

சட்டம் பிழைத்தது சரி. கூலி டிரைவர் கைக்கு வந்ததா? அதற்கு விடை, டார்ம்ஸ்டாட் நகரத்துக்குப் பக்கத்தில், கிராஃபென்ஹாஸன் என்னும் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் இருக்கிறது.

2023 மார்ச்சு. ஒரு போலந்து அதிபரின் லாரிகளை ஓட்டி வந்த ஜார்ஜியரும் உஸ்பெக்கியரும் அங்கே வண்டிகளை நிறுத்தினார்கள். சாவியை அணைத்தார்கள். சம்பளம் வரவில்லை, வந்ததிலும் பிடித்தம். அறுபதுக்கு மேற்பட்ட லாரிகள். மொழி வேறு, மதம் வேறு, ஊர் வேறு. சங்கம் கிடையாது. சட்டத்தின் ஏட்டிலே அவர்கள் தொழிலாளிகளே அல்லர், ‘ஒப்பந்தக்காரர்கள்’! ஊருக்குப் போக வழி தெரியாத அந்நியர்கள். ஆனால் ஒன்று தெரிந்து கொண்டார்கள்: லாரி தங்கள் கையில் இருக்கிறது; அதற்குள்ளே இருக்கும் சரக்கை எவரோ ஒரு பெரிய ஆலைக்காரர் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்.

ஏப்ரல் 7, புனித வெள்ளி. அதிபர் வந்தார். பணத்தோடு வரவில்லை, கவச வண்டியோடு வந்தார்! மார்புக் கவசம் அணிந்த கூலிப்படையோடு வந்தார், லாரிகளைப் பறித்துக் கொண்டு போக. இது நடந்தது பாலைவனத்திலே அல்ல, ஜெர்மனியின் நடுவிலே. ஜெர்மன் போலீசு குறுக்கே நின்றது, வந்தவர்களைப் பிடித்தது. டிரைவர்கள் அசையவில்லை. தங்கள் சார்பில் பேச நெதர்லாந்துத் தொழிற்சங்கவாதி எட்வின் அட்டேமா ஒருவருக்கே அதிகாரம் கொடுத்தார்கள். ஜெர்மன் சங்கத்தாரும் அக்கம்பக்கத்து ஊராரும் சோறும் நீரும் கொண்டு வந்தனர். அந்தத் திங்கள் முடிவதற்குள் சுமார் மூன்று லட்சம் யூரோ பாக்கி கைக்கு வந்து சேர்ந்தது.

கோடையில் அதே அதிபரின் வேறு டிரைவர்கள், அதே இடத்தில், மறுபடியும். இம்முறை எண்ணிக்கை நூறைத் தாண்டியது. கேட்ட பாக்கி ஐந்து லட்சம் யூரோவுக்கு மேல். ஜூலை போயிற்று, ஆகஸ்டு போயிற்று. செப்டம்பரில் முப்பது பேரளவில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஏறத்தாழப் பத்து வாரம்! அதன் பிறகே உடன்பாடு.

அதிபரை அசைத்தது எது? 2023 தொடக்கத்தில் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம் பக்கத்துணையாக இருந்தது. பெரிய கம்பெனிகள் தங்களுக்குப் பொருள் கொடுப்பவர், ஏற்றி வருபவர் எல்லாரிடமும் மனித உரிமை மதிக்கப்படுகிறதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும் என்பது அச்சட்டம். மேற்பார்வை அலுவலகம், நின்ற லாரிகளுக்குள்ளே இருந்த சரக்கு யார் யாருடையது என்று விசாரிக்கத் தொடங்கியது. நாலு கை மேலே சூடான அறையில் இருந்தவரின் கதவு முதல் முறையாகத் தட்டப்பட்டது. “எனக்கும் டிரைவருக்கும் என்ன தொடர்பு?” என்று இனி அவர் கேட்க முடியாது. பொறுக்குமா? 2025 செப்டம்பரில் அச்சட்டத்தின் அறிக்கைக் கடமையை நீக்கவும் தண்டனைகளைக் குறைக்கவும் ஜெர்மன் அமைச்சரவை மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்தது. தொழிலுக்குப் பாரமாம்!

எங்கோ நடக்கும் சண்டையை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்றால், நம் லாரிகளும் எல்லை தாண்டுபவைதாம். நேஷனல் பர்மிட் வாங்கி நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் புறப்படும் வண்டி, காஷ்மீரம் வரை போகிறது. திரும்பி வர ரிட்டர்ன் லோடு தேடி, பல மாநில வண்டிகளோடு போட்டி போட்டுக் காத்துக் கிடக்கிறது. டீசலில் குறைக்க முடியாது, டோலில் குறைக்க முடியாது, தவணையில் குறைக்க முடியாது. ஒருவர் வாடகையைக் குறைத்தால் எங்கே கைவைப்பார் என்பதற்கு வார்சாவுக்குப் போய்ப் பார்க்க வேண்டுமா?

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. வரிசையில் காத்துக் கிடந்த நேரம் மிச்சம் என்றார்கள். நேரம் மிச்சமானால் மாதத்துக்கு ஒரு நடை கூடும். கூடிய நடையின் இலாபத்தில் ஸ்டீயரிங் பிடித்தவருக்கு என்ன பங்கு கிடைத்தது? பேட்டா ஏறிற்றா, அல்லது தூக்கம் குறைந்ததா? கணக்குக் கேட்டவர் எவரையும் நாம் காணவில்லை. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் இடத்தை அது பொதுவாக எட்டவில்லை. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருக்கும் சிறு உடைமையாளரிடம் வேலை செய்யும் டிரைவருக்கு அச்சட்டம் சுவரில் மாட்டிய படம். அந்தச் சிறு உடைமையாளரே பல வேளைகளில் தன் வண்டியைத் தானே ஓட்டுபவர். அவர் மீது நமக்குச் சினமில்லை. அவரும் புக்கிங் ஆபீசின் வாசலிலே கைகட்டி நிற்பவர்தான்.

ஆந்திர வண்டி லோடைப் பறிக்கிறது, வடநாட்டு டிரைவர் குறைந்த கூலிக்கு வருகிறார் என்று டீக்கடையில் பேச்சு எழும்போது தோழர்கள் கிராஃபென்ஹாஸனை எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த டிரைவரையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். உனக்கு நடைக்கு என்ன கிடைக்கிறது, எனக்கு என்ன கிடைக்கிறது, இருவர் லோடுக்கும் ஆலைக்காரர் கொடுத்த வாடகை என்ன, இடையிலே எத்தனை கை கிள்ளிற்று என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அந்தக் காகிதம் வரட்டும்.

அதோடு சரக்குக்காரரிடமும் புக்கிங் ஆபீசிடமும் வைக்க ஒரு கோரிக்கையும் உண்டு. வாடகைச் சீட்டில் டீசலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, டோலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, ஏற்றுக்கூலி இறக்குக்கூலிக்குக்கூட இருக்கிறது. டிரைவர் கூலி இத்தனை ரூபாய் என்று தனிவரியாக எழுது. வாடகையில் எவ்வளவு பேரம் பேசினாலும் அந்த வரியைத் தொடாதே. எந்த மாநிலத்து டிரைவரானாலும் அந்த வரி ஒன்றே. இதை எழுத மறுக்கும் புக்கிங் ஆபீசுகளின் பெயர்ப் பட்டியலைக் கிளைச் செயலாளர்கள் ஊர்வாரியாகத் திரட்டி, இம்மாத இறுதிக்குள் நம் ஏட்டுக்கு அனுப்பி வைப்பார்களாக.